ஊறும் ஊறுபாடும்: தொழுநோயிற் கை கெடும் வகை

1. முன்னுரை

'நோய்' என்னும் சொல் 'நோ' என்னும் வினையடியாகப் பிறந்தது. நோவது யாதோ அது நோய். உடலிற் பட்ட வருத்தத்தையும் உள்ளத்திற் பட்ட வருத்தத்தையும் ஒருங்கே சுட்டி வந்த அச்சொல், பிணி ஒவ்வொன்றற்கும் பொதுப்பெயராயிற்று. எனவே, நோவில்லாத நோய் ஒன்று உண்டெனின் அது சொல்லளவில் முரணாகவே தோன்றும். ஆயினும் அத்தகைய நோய் ஒன்று நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அதுவே தொழுநோய். நரம்பு வீங்குங்கால் அந்நோயினர் சிலர்க்குக் கடுவலி தோன்றுவதுண்டு. எனினும் இந்நோயின் தலையாய இயல்பு நோவைத் தருதல் அன்று, நோவை நீக்குதலேயாம்.

'ஊறு' என்னும் சொல்லும் ஈண்டு எண்ணத்தக்கது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என ஐம்புலன்களை எண்ணுமிடத்து, அது மெய்யால் அறியப்படும் தொடுவுணர்வைக் குறிக்கும். போரிலோ வழியிலோ உற்ற புண்ணையும் தீங்கினையும் குறிப்பதும் அதே சொல்லே. 'உறு' என்பது முதல் நீண்டு 'ஊறு' என நின்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர் இரு பொருட்கும் இடனாயிற்று. உறுவதை அறிதலும் ஊறு. உற்ற தீங்கும் ஊறு. புலனாகிய ஊறு நீங்கிய கையில் தீங்காகிய ஊறு தடையின்றிப் புகும். தொழுநோயிற் கை கெடும் வகை இவ்வளவே.

இப்பொருள் மருத்துவர்க்கு உரியதன்றோ, தமிழாராய்வார்க்கு இதில் யாது பங்கு என வினவுதல் கூடும். ஒரு நோயைக் குறித்து மக்கள் வழங்கும் சொற்கள், அந்நோயுற்றாரை அவர்கள் நடத்தும் முறையையும் வகுக்கின்றன. கை தானே அழுகி விழும் என்று சொல்லும் சமுதாயம், அக்கையைக் காக்க முயல்வதில்லை. அச்சொல் பிழையென்று காட்டிய ஆராய்ச்சி, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், வேலூரிலும் செங்கற்பட்டிலும், தமிழ்நாட்டு மக்களின் கைகளை ஆய்ந்தே நிகழ்ந்தது. அதனைத் தமிழ் மரபின் சொற்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாட்டு வழக்கு

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர், பண்டைத் தகடூர் நாட்டைச் சார்ந்த ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் புன்செய் நிலப்பகுதி அது. புளியும் மாவும் மிக்கது. இத்தகைய ஊர்களில் வாழ்வார்க்குக் கையே முதற்பொருள். மண்வெட்டி பிடித்தல், களை பறித்தல், கடலைக் கொடியினின்றும் காய் ஆய்தல், புளியம்பழத்தின் ஓடுடைத்துக் கொட்டை நீக்கல், விறகடுப்பினின்றும் கொதிகலம் இறக்கல் என்னும் இவற்றுள் விரலின் துணை வேண்டாத தொழில் ஒன்றும் இல்லை. இங்குக் கை கெடுதல் என்பது வாழ்க்கை கெடுதலேயாம். செயலறுதலைக் 'கையறுதல்' என்று நம் முன்னோர் வழங்கியதும், தலைவனை இழந்தார் புலம்பும் புறத்துறையைக் 'கையறுநிலை' என்றதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றன.

உணர்விழந்த உறுப்பைப் பற்றிப் பேசுங்கால் நம் மக்கள் 'மரத்துப்போயிற்று' என்பர். மரம்போல் ஆயிற்று என்பது அதன் பொருள். 'மதமதப்பு' என்பதும், 'திமிர் பிடித்தது' என்பதும் அதனையொட்டிய வழக்குகள். இவை நோயின் மெய்யியல்பை உள்ளவாறே காட்டுவன. ஆனால், நோய் முற்றிய கையைப் பற்றிப் பேசுங்கால் வழக்கு மாறிவிடுகின்றது. 'விரல் உதிர்ந்தது', 'கை கரைந்தது', 'அழுகி விழுந்தது' என்பர். முன்னைய சொற்கள் உணர்வு நீங்கியதைச் சொல்ல, பின்னையவை நோயே விரலைத் தின்றதாகச் சொல்கின்றன. இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்தது யாது என்னும் வினா எழவில்லை. மரத்த விரல் எவ்வாறு குறைந்த விரலாயிற்று என்பதை மக்களேயன்றி, மருத்துவரும் நெடுங்காலம் ஆராயாது விட்டனர்.

3. கையின் அமைப்பு

இவ்வினாவிற்கு விடை காணக் கையின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். கை ஒன்றில் 27 என்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு இரண்டும் ஏனை விரல்களுக்கு மும்மூன்றும் ஆக அப்பதினான்கும் அமைந்தன.

விரலை மடக்கவும் நிமிர்த்தவும் வல்ல தசை எதுவும் விரலினுள் இல்லை என்பது பலர்க்கு வியப்பளிக்கும். அவற்றை இயக்கும் வலிய தசைகள் முன்கையில் உள்ளன. அத்தசைகளினின்றும் புறப்படும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்று பற்றுகின்றன. பொம்மலாட்டத்தில் மறைந்து நிற்போன் கயிற்றை இழுக்கப் பாவையின் கை அசைவது போன்றது இது. மற்றொரு கையால் முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை அசைப்பார் இதனை நேரிற் காண்பர்.

இவையேயன்றி, உள்ளங்கைக்குள்ளேயே சிறுதசைகள் பல உள்ளன. விரலென்புகளின் இடையே கிடப்பனவும், நாண்களைத் தொடர்ந்து கிடப்பனவும், பெருவிரல் சிறுவிரல்களின் அடியிற் பருத்துத் தோன்றுவனவும் அவை. விரலை அடிமூட்டில் மடக்குதலும், அதே நேரத்தில் மேற்கணுக்களை நிமிர்த்துதலும் இச்சிறுதசைகளின் தொழில். பெருவிரலை ஏனை விரல்களின் எதிரே கொணர்ந்து நிறுத்துவனவும் அவையே. எழுத்தாணி பிடித்தலும், ஊசியில் நூல் கோத்தலும், சோற்றைத் திரட்டி உண்ணுதலும் அவற்றால் இயல்வன.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணாக்கர் எளிதின் உணர்தற்குக் கூத்து நூல் மரபு துணை செய்யும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் ஒற்றைக்கை 33 என்றும் இரட்டைக்கை 15 என்றும் வகுத்து, அவற்றின் இலக்கணம் காட்டுவர். ஒற்றைக்கையுள் பதாகை என்பது பெருவிரல் மடங்க ஏனை நான்கும் ஒட்டி நிமிர்வது. முட்டி என்பது விரல்கள் உட்புறம் இறுக மடங்கி நிற்பது. முட்டிக்கு வேண்டிய வலிமை பெரும்பாலும் முன்கைத் தசைகளினின்று வருவது. பதாகையின் செம்மையோ உள்ளங்கைச் சிறுதசைகள் தம் தொழிலைச் செய்தாலன்றி அமையாது. தொழுநோயால் தாக்குண்ட கை முட்டியைப் பெரிதும் இழப்பதில்லை, பதாகையை இழந்துவிடும். அடிமூட்டுகள் பின்னோக்கி வளையவும் மேற்கணுக்கள் முன்னோக்கி மடங்கவும், விரல்கள் பறவையின் கால்போல் நிற்கும்.

4. நரம்பு கெடும் முறை

தொழுநோய்க்குக் காரணமாகிய நுண்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இற் கண்டறிந்தார். மிக மெல்லப் பெருகும் கிருமி அது. உடலின் உள்வெப்பத்தினும் குறைந்த வெப்பத்திலேயே அது நன்கு வாழும். ஆகலின், தோலிலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளின் குளிர்ந்த பகுதிகளிலும் அது தங்குகின்றது.

முழங்கையின் உட்புறக் குமிழ் எதிலேனும் இடிபட்டால், சிறுவிரல் வரை மின்னல் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி உண்டாதலை யாவரும் அறிவர். ஆண்டு என்பின்மீது தோலுக்கடியில் ஓடுவது உட்புற முன்கை நரம்பு. தோலுக்கு மிக அண்மையில் உள்ளமையால் இந்நரம்பே தொழுநோயிற் பெரிதும் தாக்குண்ணும். உள்ளங்கைச் சிறுதசைகளுட் பெரும்பாலனவற்றை இயக்குவதும், சிறுவிரற்கும் அணிவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வூட்டுவதும் இந்நரம்பே. மணிக்கட்டின் அருகே தோலை ஒட்டி வரும் நடுநரம்பு கெடுமாயின், பெருவிரல் எதிர்நிற்கும் ஆற்றல் போம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வும் போம். முன்கையின் பெருந்தசைகளுக்குச் செல்லும் நரம்புக் கிளைகளோ தசையினுள் ஆழ்ந்து, வெப்பமுற்று இருத்தலின் பெரும்பாலும் பிழைத்துவிடும். கை வலிமை இழவாது. நுண்மையையும் உணர்வையும் இழந்துவிடும். இவ்வியல்பே பின்னர் அறுவை மருத்துவத்திற்கு வாயிலாயிற்று.

5. வேலூர் ஆராய்ச்சி

இவ்வுண்மைகளை வெளிப்படுத்தியோருள் தலைசிறந்தவர் பால் வில்சன் பிராண்டு. இவர் 1914-இல், அக்காலச் சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையிற் பிறந்தவர். பெற்றோர் ஆண்டுத் தொண்டு புரிந்த ஆங்கிலேயர். மொரப்பூரும் அந்நாளிற் சேலம் மாவட்டத்தின்கண்ணதே. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். பிராண்டு இளமையில் இங்கிலாந்து சென்று, முதலிற் கட்டட வேலை பயின்றார்; பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்றார். விசை எங்கே தாங்கும், எங்கே பிளக்கும் என்னும் கட்டடக்காரனின் நோக்கு அவருடைய மருத்துவத்தில் இறுதிவரை நின்றது.

1946-இல் அவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அழைப்பின்பேரில் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். விரல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இயன்ற மட்டும் அழுத்துமாறு வேண்டினார். செயலற்றதெனத் தோன்றிய அக்கை தம் கையை வலியெடுக்கும்படி இறுக்கவே அவர் வியந்தார். அவ்வளவு வலிய தசைகள் கையில் எஞ்சியிருக்க, அவற்றைப் பயன்கொள்ள முயன்றார் யார் என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

தொழுநோயரின் தசை கெட்ட தசை, அதிற் கத்தி பட்டால் ஆறாது என்பது அக்காலக் கொள்கை. பிராண்டும் அவர்தம் உடன்பணியாளரும் இதனை ஆய்ந்தபொழுது, அதற்கு அடிப்படை இல்லையென்று கண்டனர். நன்கு மூடிக் காக்கப்பட்ட புண் ஏனையோர் புண்போலவே ஆறிற்று. காக்கப்படாத புண்ணே ஆறாது நின்றது. பின்னர் அவர்கள் புண் ஒவ்வொன்றற்கும் காரணம் தேடலாயினர்.

பிராண்டு தம் நூல்களிற் கூறும் நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. துருப்பிடித்த பூட்டொன்றைத் தாம் திறக்கமாட்டாது நின்றபொழுது, நோயுற்ற சிறுவன் ஒருவன் திறவுகோலை வாங்கி ஒரே திருப்பில் திறந்தானாம். அவன் கையைப் பார்த்தால், விரல் என்பு தெரியக் கிழிந்து குருதி ஒழுகிற்று. அவனோ ஒன்றும் உணரவில்லை. நோவுள்ள கை எங்கே நின்றிருக்குமோ அங்கே அக்கை நிற்கவில்லை. அடுப்புக் கனலினுள் கைவிட்டுக் கிழங்கை எடுத்தாரும் இருந்தனர். இரவில் துயிலுங்கால் விரல் குறைந்தார் சிலரைக் குறித்து விழித்திருந்து நோக்கியபொழுது, எலி கடித்தமை வெளிப்பட்டது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

இங்ஙனம் புண்களின் வரலாறு ஒவ்வொன்றாகத் தொகுக்கப்பட்டபொழுது ஓர் உண்மை புலனாயிற்று. விரல் 'உதிர்வது' இல்லை. உணராத காயம் கவனியாது விடப்படுகின்றது, அதன்வழி வேறு கிருமிகள் புகுந்து என்பைச் சேர்கின்றன, என்பு சிறிது சிறிதாகக் குறைகின்றது, விரலும் குறுகுகின்றது. தொழுநோய்க் கிருமி செய்தது நரம்பைக் கெடுத்தது. விரலைக் குறைத்தவை அடுப்பும் மண்வெட்டியும் பூட்டும் எலியுமே.

மடங்கிய விரல் காயத்திற்கு மேலும் இடந்தரும். நிமிர்ந்த விரல்கள் ஒரு காம்பைப் பற்றினால், விசை உள்ளங்கை முழுதும் பரவும். மடங்கிய விரல்களோ நுனியிலும் அடிமூட்டிலுமே பொருளைத் தீண்டும். அதே விசை சிறு பரப்பில் இறங்குதலின், அழுத்தம் பன்மடங்காகும். உணர்வும் இல்லாமையின், வேண்டும் அளவினும் மிகுதியாகவே அக்கை இறுக்கும். எனவே விரலை நிமிர்த்துதல் அழகிற்காக மட்டும் அன்று, காப்பிற்காகவும் ஆம்.

6. அறுவை முறை

கைக்குரிய அறுவை மருத்துவம் அக்காலத்திற் புதிதாய் வளர்ந்து வந்த துறை. அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் 1944-இல் வெளியிட்ட நூலே அதற்கு அடிப்படை. அதிற் கூறிய முறைகளைப் பிராண்டு தொழுநோய்க் கைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 1948 முதல் வேலூரில் இவ்வறுவைகள் நிகழலாயின.

இதன் கருத்து எளிது. இறந்த தசையை உயிர்ப்பிக்க இயலாது. ஆனால் நல்ல தசை ஒன்றனைப் பழைய தொழிலினின்றும் விடுவித்து, இறந்த தசையின் தொழிலுக்கு மாற்றலாம். மணிக்கட்டைப் புறத்தே நிமிர்த்தும் தசைகள் ஒன்றிற்கு மேற்பட உள்ளன. அவற்றுள் ஒன்றன் நாணைப் பிரித்து, காலினின்றும் எடுத்த நாணால் நீட்டி, நான்கு கீற்றாக்கி, நான்கு விரல்களின் பக்கங்களிலும் செலுத்தி இணைப்பர். மணிக்கட்டை நிமிர்த்திய விசை இனி விரலின் அடிமூட்டை மடக்கி, மேற்கணுக்களை நிமிர்த்தும். இறுக்கம் சிறிது கூடினும் குறையினும் விரல் செம்மையுறாது. ஆதலின் நாணின் இழுவையை அளந்து கட்டுதலே அறுவையாளனின் திறம்.

அறுவை முடிந்த பின்னரும் பணி முடிவதில்லை. முன்பு மணிக்கட்டை அசைத்த தசை இன்று விரலை அசைக்கின்றது என்பதை நோயாளி புதிதாகப் பயிலவேண்டும். உணர்வில்லாமையின் கண்ணாற் கண்டே பயிலவேண்டும். பல கிழமைப் பயிற்சிக்குப்பின் பதாகைக் கை மீளும். மரத்த உணர்வு மட்டும் மீளாது.

இப்பணியில் ஈடுபட்டாருள் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவரை மறத்தல் ஆகாது. 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தால் அவர்தம் கால்கள் இயங்காவாயின. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயரின் கைகளை அறுவை செய்து செம்மைப்படுத்தினார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைத் தோற்றுவித்த அவர்க்கு 1972-இற் பத்மசிரீ விருது அளிக்கப்பட்டது.

1952-இல் பிராண்டு இலண்டன் அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் இப்பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1955-இல் வேலூரையடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. பிறநாட்டு மருத்துவர் பலர் இக்கலையைப் பயில ஆண்டு வந்தனர்.

7. செம்மையுற்ற கைக்கு இடம் யாது?

விரல் நிமிர்ந்தது, ஆயின் வாழ்க்கை நிமிர்ந்ததா? அறுவை செய்துகொண்டாருட் சிலர் மருத்துவரிடம் மீண்டு வந்து ஒரு குறை கூறினர். மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசிட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டு ஒன்றும் இடவில்லை. தொழில் தருவாரும் இல்லை. தழும்பு கண்டு அஞ்சினர். கையை மீட்டவர்கள் அவர்தம் இரத்தற்றொழிலையும் பறித்தவராயினர்.

இக்குறை பிராண்டை நாணுவித்தது. அதன் விளைவாக 1951-இல் வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்னும் சிற்றூர்போன்ற இல்லம் எழுந்தது. ஆண்டு நோயாளிகள் தச்சும் மரப்பொம்மை செய்தலும் பயின்றனர். அவ்வில்லமே ஆராய்ச்சிக் களமும் ஆயிற்று. நாள்தோறும் கைகளைப் பார்த்து, கொப்புளம் ஒன்று காணின், அது எக்கருவியால், எவ்வேலையால் வந்ததென ஆராய்ந்தனர். கருவிகளின் காம்பு பருமனாக்கப்பட்டது. சுடுகலம் எடுக்கத் துணியும் மரப்பிடியும் பயன்பட்டன. இம்முறைகளைக் கைக்கொண்டார்க்கு விரல் குறைதல் பெரிதும் நின்றது. மருந்தும் கத்தியும் செய்யாததை விழிப்பு செய்தது.

மொரப்பூர் போன்ற ஊரிலிருந்து அந்நாளில் ஒரு நோயாளி வேலூர் செல்ல எண்ணியிருப்பின், வழி நேரானதே. சேலம்–சோலையார்பேட்டை இருப்புப்பாதையில் மொரப்பூர் நிலையம் உள்ளது. வடக்கே சென்று காட்பாடியில் இறங்கினால் வேலூர் அண்மையது. ஆயின் தொழுநோயரை ஊர்திகளில் ஏற்ற மறுத்தல் அக்காலத்து இயல்பாயிருந்தது. இருப்புப்பாதை இட்ட வழியைச் சொல் அடைத்து நின்றது.

1966-இற் பிராண்டு அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். ஆண்டு அவரும் பொறிவல்லாரும் செயற்கை நோவு ஒன்றனைப் படைக்க முயன்றனர். அழுத்தம் மிகுந்தால் ஒலியெழுப்பும் உறைகளைக் கைக்குச் செய்து பார்த்தனர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. ஒலியைக் கேட்டும் தாம் செய்யும் வேலையை முடித்தற்பொருட்டு மக்கள் அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். உண்மையான நோவோ, விடாது வருத்தி நிறுத்தும். நோவு இயற்கையின் கொடை என்று பிராண்டு பிற்காலத்தில் வலியுறுத்தியமை இப்பட்டறிவின் பயனே. நீரிழிவால் கால் மரத்தார்க்கு இன்று அளிக்கப்படும் காப்பு முறைகளும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் கடப்பாடுடையன. பிராண்டு 2003-இல் மறைந்தார்.

8. முடிவுரை

இன்று தொழுநோய் முற்றும் தீர்க்கத்தக்க நோய். 1981-இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், கிருமி குறைந்தார்க்கு 6 திங்களும் மிகுந்தார்க்கு 12 திங்களும் மருந்து போதும். அது விலையின்றிக் கிடைக்கின்றது. மக்களிற் பெரும்பாலோர் இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றலை இயல்பாகவே உடையர். பத்தாயிரவர்க்கு ஒருவர் என்னும் அளவினும் இந்நோய் குறைந்துவிட்டதென 2005 இறுதியில் இந்திய அரசு அறிவித்தது. எனினும் நோய் அற்றுப்போகவில்லை. புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டே வருகின்றனர். மருந்து கிருமியைக் கொல்லும். கெட்ட நரம்பை மீட்காது. ஆகலின், நோய் தீர்ந்தும் மரத்த கையோடு வாழ்வார்க்குக் காப்பறிவு வாழ்நாள் முழுதும் வேண்டும்.

சட்டம் மெல்ல மாறி வந்துள்ளது. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாகக் கொள்ளும் விதிகள் 2019-இல் நீக்கப்பட்டன. சொல்வழக்கோ இன்னும் முற்றும் மாறவில்லை. 'விரல் உதிரும் நோய்' என்று எழுதுவாரும் பேசுவாரும் இன்றும் உளர்.

இந்நிலையில் யாம் கூறத் துணிவது இது: நம் மொழியில் இந்நோயை உள்ளவாறு உரைக்கும் சொல் முன்னரே உண்டு. 'மரத்துப்போதல்' என்னும் நாட்டுப்புறச் சொல்லே அது. தோலில் உணர்வற்ற தேமலைக் கண்டவுடன் 'மரத்திருக்கின்றதா?' என்று ஒருவர் வினவுவராயின், நரம்பு கெடுமுன் மருத்துவரை நாட வழி பிறக்கும். மரத்த கையைக் கண்டு 'உதிரும்' என்று ஒதுங்காது, 'காயம் உண்டா?' என்று நாள்தோறும் பார்ப்பராயின், பத்து விரலும் எஞ்சும். அகராதியும் பாடநூலும் எழுதுவார், தொழுநோய்க்குப் பொருள் வரையுங்கால், 'விரல்களை அழுகச் செய்யும் நோய்' என்னாது, 'நரம்பைத் தாக்கி உணர்வை நீக்கும் நோய்' என வரைவாராக. ஊறறியாக் கையை ஊறினின்றும் காக்கும் கடமையில் சொல்லாராய்வார்க்குரிய பங்கு இதுவாகும்.